ஈரம் காய்வதற்குள்: கண்மாய் மண்ணில் ஒரு மெஸ்ஸல் பலகை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளியைப் பூட்டும்போது நாங்கள் செய்த களிமண் பலகை வழுவழுவென்று கருப்பட்டி நிறத்தில் இருந்தது. திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் ஆறு துண்டாக வெடித்து, ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி மேலே சுருண்டு கிடந்தது. நடுவில் பதித்திருந்த ஜிலேபிக் கெண்டையின் முள்ளுக்கூடு சரியாக முதுகில் முறிந்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். "கண்மாய் வத்துனா இப்படித்தான் டீச்சர் பொருக்கு வெடிக்கும்" என்றாள் ஒருத்தி.

அதே பொருக்குதான் ஜெர்மனியில் பழங்கால உயிர்களின் படிவங்களுக்குப் பேர்போன மெஸ்ஸல் குழியில் தோண்டியவர்களையும் பல காலம் படுத்தியிருக்கிறது. நாங்கள் செய்ய நினைத்ததும் அங்கே தொல்லுயிர்ப் படிவங்களைக் காப்பாற்றும் முறையைத்தான். எங்களிடம் இருந்தது கண்மாய் மண், ஒரு மீன், கொஞ்சம் ரெசின் (ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகும் பிசின்). இரண்டு தடவை கெட்டு மூன்றாவது தடவை வந்தது. எங்கே கெட்டது, ஏன் கெட்டது என்பதை எழுதி வைத்தால் வேறு பள்ளிகளில் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும்.

நாகமலைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். பாலூட்டிகள் பாடம் நடத்தும்போது ஒரு படம் காட்டினேன். மெஸ்ஸலில் கிடைத்த யூரோஹிப்பஸ் என்ற பெண் குதிரையின் படிவம். நாய் உயரம்தான் இருக்கும். வயிற்றுக்குள் பன்னிரண்டரை சென்டிமீட்டர் அளவில் ஒரு குட்டி சுருண்டு கிடக்கிறது. 2000த்தில் தோண்டியெடுத்த அந்தப் படிவத்தைப் பற்றிய ஆய்வு 2015ல் வெளிவந்தது. கருப்பையின் தடயம்கூடத் தெரிகிறது என்று அதில் சொன்னார்கள். சுமார் 4 கோடியே 80 லட்சம் ஆண்டுக்கு முந்தைய கருப்பை. வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் மட்டும் கேட்டான்: "அம்புட்டு நாள் எப்படி டீச்சர் கெட்டுப்போகாம இருந்துச்சு?"

அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்வதைவிடச் செய்து காட்டிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் கண்ணாடி ஜாடியில் ஏரியின் அடித்தளம். மெஸ்ஸல் அந்தக் காலத்தில் ஓர் ஏரி. எரிமலைக் குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டு வெடித்ததில் உண்டான ஆழமான பள்ளம் அது. 2001ல் 433 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டுப் பார்த்து எரிமலைதான் காரணம் என்று உறுதி செய்தார்கள். ஏரி ஆழமாக இருந்ததால் அடித்தண்ணீர் மேல்தண்ணீரோடு கலக்கவில்லை. கீழே ஆக்சிஜன் இல்லை. செத்து விழுந்ததைக் கொத்தித் தின்ன அங்கே நண்டும் புழுவும் வாழ முடியாது, உடலைப் புரட்டிப்போட நீரோட்டமும் கிடையாது. அதன்மேல் பாசியும் நுண்களிமண்ணும் மாறி மாறிப் படிந்தன, ஆண்டுக்குச் சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு.

இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போட வைத்தேன். ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் என்றால் பத்து வருடம். ஒரு சென்டிமீட்டர் நூறு வருடம். கீழடியில் கிடைத்த சில பொருட்களின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை போவதாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019ல் சொன்னது அவர்களுக்குத் தெரியும், போன வருடம் சுற்றுலா போனபோது பார்த்தார்கள். இரண்டாயிரத்து அறுநூறு வருடம் என்றால் மெஸ்ஸல் கணக்கில் 26 சென்டிமீட்டர். ஸ்கேலை மேஜைமேல் நிற்க வைத்து 26ல் விரலை வைத்தான் ஒரு பையன். விரலுக்குமேல் இன்னும் நாலு சென்டிமீட்டர் ஸ்கேல் மிச்சம் இருந்தது. எத்தனை கோடி என்று கரும்பலகையில் சைபர் சைபராகப் போடுவதைவிட அந்த விரல் நன்றாகப் பாடம் நடத்தியது.

ஜாடிக்கு எளிய வழி: சலித்த களிமண்ணைக் கரைத்து ஒரு நாள் ஒரு கரண்டி ஊற்றவும், மறுநாள் பொடித்த இலைச்சருகு ஒரு சிட்டிகை தூவவும். மூன்று வாரத்தில் கருப்பும் வெளுப்புமாகக் கோடு விழுந்துவிடும். ஜாடியை யாரும் ஆட்டக்கூடாது, அவ்வளவுதான்.

இனி பலகை. கண்மாய் வண்டல் இரண்டு வாளி எடுத்தோம். மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மாவு சல்லடையில் ஒரு முறையும் பழைய வேட்டித் துணியில் ஒரு முறையும் வடிகட்டி, ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு, மேல்தண்ணீரை இறுத்துவிட வேண்டும். அடியில் தயிர் மாதிரி நிற்கிற களிதான் நமக்கு வேண்டியது. மீனை வெந்நீரில் முக்கி முக்கி எடுத்து, சதையைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தலையிலிருந்து வால் பக்கமாக வருடி எடுத்தேன். கொதிக்கவிட்டால் முள் தனித்தனியாகக் கழன்றுவிடும். தச்சரிடம் கேட்டு வாங்கிய பிளைவுட் துண்டில் இருபதுக்குப் பதினைந்து சென்டிமீட்டரில் ஒரு சட்டம். அதில் பாதி உயரத்துக்குக் களி, அதன்மேல் மீன், மேலே மெல்லிசாகச் சருகுப்பொடி, மறுபடியும் களி. சருகுப்பொடி முக்கியம். பிறகு கத்தியை நுழைத்துப் பலகையை இரண்டாகப் பிளக்கும்போது அந்த வரியோடு பிளக்கும். மெஸ்ஸலிலும் நீளக் கத்தியை வைத்துத்தான் பாறையை ஏடு ஏடாகப் பிரிக்கிறார்கள். சுத்தியலும் உளியும் அங்கே கடைசி.

இப்படிச் செய்த முதல் பலகையைத்தான் ஜன்னல் ஓரம் காயவிட்டு வெடிக்க வைத்தேன். மண் பாத்திரம் காய்வது மாதிரி இதுவும் காய வேண்டும் என்று நினைத்ததுதான் தப்பு. அந்த ஏரியின் அடியில் படிந்து இறுகிய மெஸ்ஸலின் எண்ணெய்ப் பாறை பார்க்கத்தான் பாறை. அதன் எடையில் சுமார் 40 சதவீதம் தண்ணீர். வெளியே எடுத்துக் காற்றில் வைத்தால் சுருங்கி, ஏடு ஏடாகப் பிரிந்து, உள்ளே இருக்கிற எலும்பையும் சேர்த்துப் பொடியாக்கிவிடும். இந்தக் குழியில் எலும்புகள் கிடைப்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். ஆனால் எடுத்ததை முழுசாக வைத்துக்கொள்ளும் வழி 1960களில்தான் கைக்கு வந்தது. கோடிக்கணக்கான வருடம் அசையாமல் கிடந்த எலும்பு, மனிதக் கை பட்ட சில நாளில் உதிர்ந்துபோவதை அதுவரை எத்தனை பேர் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு கனக்கிறது. என் ஜிலேபி மீனுக்கே எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மண்ணைப் பற்றிக் கேட்க விளாச்சேரிக்குப் போனேன். கொலு பொம்மைக்குப் பேர்போன ஊர், எங்களுக்குப் பக்கம். அங்கே ஒரு பெரியவர், இளவயதில் அய்யனாருக்குப் புரவியும் செய்தவர். வெடித்த துண்டை வாங்கி விரலால் தட்டிப் பார்த்தார்.

"இதுல மணலே இல்லையே தாயி. வெறுங்களி வெடிக்காம என்ன செய்யும்?"

"மணல் கலந்தா முள்ளு பதியாதுங்கய்யா. நைசா இருக்கணும்."

"அப்ப காயவே விடாத. ஈரத்துணியச் சுத்தி, மேல பாலித்தீன் கவரப் போட்டு நிழல்ல வையி. நாங்க பாதி செஞ்ச பொம்மைய ராத்திரி அப்படித்தான் வைப்போம். வேலை முடியுற வரைக்கும் மண்ணு தாகத்தோட இருக்கக் கூடாது."

மண்ணுக்குத் தாகம் என்று அவர் சொன்னது என் நோட்டில் அப்படியே இருக்கிறது. கைபேசியில் குதிரைப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். முன்னங்காலில் நாலு விரல், பின்னங்காலில் மூன்று விரல் என்று சொன்னதும் நிமிர்ந்துவிட்டார். "குதிரைக்கு விரலா? நான் செஞ்ச புரவிக்கெல்லாம் ஒத்தக் குளம்புதான் தாயி." கைவேலையை நிறுத்தி, கொஞ்சம் களியை உருட்டி, நாலு சின்ன விரலோடு ஒரு கால் பிடித்தார். விரல்களை விரித்து வைத்தார், சேர்த்து வைத்துப் பார்த்தார், மறுபடி விரித்தார். "இது சகதியில நடக்குற காலு. அமுங்காது" என்றார். காட்டின் மெத்தென்ற தரையில், புல்வெளி பரவுவதற்கு முன்னால், இலையும் பழமும் தின்று திரிந்த பிராணியின் கால்தான் அது. மெஸ்ஸல் குதிரைகளின் வயிற்றில் இலைத் துணுக்கும் திராட்சை விதையும் கிடைத்திருக்கின்றன. இன்றைய குதிரையின் ஒற்றைக் குளம்பு நடுவிரல் மட்டும் மிஞ்சியது. நான் பாடமாகச் சொல்லியிருக்க வேண்டியதை அவர் கை சொல்லிவிட்டது. அந்தக் களிமண் கால் இப்போது எங்கள் ஆய்வக அலமாரியில் இருக்கிறது.

இரண்டாவது பலகை வெடிக்கவில்லை. ஈரத்துணி, பாலித்தீன், தினம் இரண்டு வேளை தண்ணீர் தெளிப்பு. ஆனால் ரெசின் கெட்டது.

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலகையைப் பிளந்ததும் தெரிகிற எலும்பின் மேல்பக்கத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். சுற்றிலும் அணை கட்டி, திரவ ரெசினை அதன்மேல் ஊற்றி இறுகவிட வேண்டும். பிறகு பலகையைக் கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கத்து மண் முழுவதையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட வேண்டும். எலும்பு மண்ணை விட்டு ரெசினுக்கு மாறிவிடும். இனி அதற்கு ஈரம் வேண்டாம். மெஸ்ஸல் படிவங்கள் அருங்காட்சியகங்களில் தேன் நிறப் பலகையில் இருப்பதற்கு இதுதான் காரணம். நாம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பது, தோண்டியவர் முதலில் பார்த்த பக்கத்துக்கு மறுபக்கம்.

எப்பாக்சி ரெசின் இரண்டு பாட்டிலாக ஆன்லைனில் வந்தது. நான் செய்த தவறுகள் இரண்டு. மண் ஈரமாக இருக்க வேண்டும் என்ற பயத்தில் மேற்பரப்பையும் சொட்டச் சொட்ட வைத்திருந்தேன். தண்ணீர் பட்ட ரெசின் நீராகாரம் மாதிரி வெளுத்துவிட்டது, மீனே தெரியவில்லை. அடுத்து, ரெசினையும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரையும் கண் அளவில் கலந்தேன். மூன்று நாள் ஆகியும் பிசுபிசுப்பு போகவில்லை. பாட்டிலில் போட்டிருக்கிற விகிதத்தைச் சமையலறைத் தராசில் நிறுத்துக் கலக்க வேண்டும். எடைக்கு ஒரு விகிதமும் கொள்ளளவுக்கு ஒரு விகிதமும் இருக்கும், எது எதற்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தடவை, மார்ச் வெயிலில். பலகையின் அடியில் ஈரத்துணி, மேற்பரப்பில் மட்டும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி ஒற்றி, பிறகு ஹேர் டிரையரின் குளிர்காற்று. களியின் பளபளப்பு மங்கி, தொட்டால் விரலில் ஒட்டாத நிலை வரும். அதற்குமேல் ஐந்து நிமிடம் விட்டாலும் மயிரிழை வெடிப்பு தொடங்கிவிடும். அந்த இடத்தில் நிறுத்தி, முதலில் ரெசினை மெல்லிய பிரஷ்ஷால் ஒரு பூச்சு. முள் இடுக்கில் காற்றுக்குமிழ் நிற்காமல் ஊசியால் தொட்டுத் தொட்டு வெளியேற்றினேன். பூச்சு அரைகுறையாக இறுகியதும் மிச்சத்தை இரண்டு தவணையாக ஊற்றினேன். ஒரே தடவையில் ஊற்றினால் சூடேறிக் குமிழி விடும். பேப்பர் கப்பில் மிஞ்சிய கலவை மதுரை வெயிலுக்குக் கால் மணி நேரத்தில் கையில் பிடிக்க முடியாதபடி கொதித்துவிட்டது. கையுறை போட்டு, வராந்தாவில் வைத்து, இந்தக் கட்டம் முழுவதையும் நான்தான் செய்தேன். பிள்ளைகளை ரெசின் பக்கம் விடவில்லை. நீங்களும் விடாதீர்கள்.

இரண்டு நாள் கழித்துக் கவிழ்த்தோம். இனிப் பிள்ளைகளின் வேலை. பருமனான மண்ணுக்குக் கோணி ஊசி, விலா முள்ளுக்கு நடுவில் தையல் ஊசி, பிரஷ், ஸ்பிரே பாட்டில். ஒருவருக்குப் பத்து நிமிடம், பிறகு அடுத்தவர். சத்தம் போட்டே பழகிய வகுப்பு அது. அந்த நாலு நாள் மதிய இடைவேளையில் ஊசி ரெசினில் படுகிற கிரீச் சத்தம் மட்டும்தான் கேட்டது. முதலில் முதுகெலும்பு வெள்ளைப் புள்ளி வரிசையாக வந்தது. பிறகு துடுப்பு முள், பிறகு கன்னத்து எலும்பு. வால் துடுப்பில் பாதியும் இரண்டு விலா முள்ளும் போய்விட்டன. ஊசியை அழுத்திவிட்ட பெண் அழுதுவிட்டாள். அந்த இடத்தில் ரெசினில் முள்ளின் அச்சு மட்டும் பள்ளமாக இருக்கிறது, அதுவும் தடயம்தான் என்று காட்டிய பிறகுதான் சமாதானமானாள்.

சருகு கிடந்த இடத்தில் ரெசினில் பழுப்பாக ஒரு நிழல் பதிந்திருந்தது. மெஸ்ஸல் படிவங்களிலும் எலும்பைச் சுற்றி ரோமத்தின், காதின், இறக்கையின் நிழல் கருப்பாகத் தெரியும். அங்கே கதை வேறு. உடலை மூடி வளர்ந்த பாக்டீரியாக்கள் தாமே கனிமமாக மாறி, அந்தப் பிராணியின் வெளிக்கோட்டை வரைந்துவைத்தன என்று வெகுகாலம் சொன்னார்கள். ரோமத்தின், இறகின் நிழலில் அந்தப் பிராணியின் நிறமித் துகள்களே மிஞ்சியிருப்பதாகப் பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. வௌவாலின் இறக்கைச் சவ்வு, வயிற்றுக்குள் அது தின்ற அந்துப்பூச்சியின் செதில் வரை கிடைத்திருப்பது அந்த அமைதியான அடித்தண்ணீரால்தான். டைனோசர்கள் போய் ஒரு கோடியே எண்பது லட்சம் வருடம்தான் ஆகியிருந்த காலம். பாலூட்டிகள் பறக்கவும், மரமேறவும், எறும்பு தின்னவும், கால் நீண்டு ஓடவும் தொடங்கி, கிளை கிளையாகப் பிரிந்துகொண்டிருந்தன. வேறு இடங்களில் அந்தக் காலத்துப் பாலூட்டி என்றால் பெரும்பாலும் ஒரு பல், ஒரு தாடைத் துண்டு. மெஸ்ஸலில் கடைசியாகத் தின்றது வரைக்கும் தெரிகிறது.

மண் எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் குப்பைக் கதையைச் சொன்னேன். எண்ணெய்ப் பாறைக்காகத் தோண்டிய சுரங்கம் 1971ல் மூடப்பட்டது. மிஞ்சிய பெருங்குழியைக் குப்பை கொட்டும் இடமாக்கத் திட்டம் போட்டார்கள். உள்ளூர் மக்களும் ஆய்வாளர்களும் ஏறத்தாழ இருபது வருடம் எதிர்த்து நின்றார்கள். 1991ல் ஹெஸ்ஸே மாநில அரசு குழியை வாங்கியது, 1995ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

மேலூர்ப் பக்கம் சொந்தக்காரர்கள் உள்ள பையன் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "எங்க மாமா ஊர்லயும் இப்படித்தான் டீச்சர். டங்ஸ்டன் எடுக்க வந்தாங்க."

அரிட்டாபட்டியைத்தான் சொன்னான். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது, சுமார் 193 ஹெக்டேர். இரண்டு வருடத்தில் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தது. ஊர்கள் திரண்டு மதுரைக்குப் பேரணியாக வந்தன. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. பேரணியில் அவனும் மாமா தோளில் உட்கார்ந்து வந்தானாம்.

அந்த மலைகளில் செதில் போர்த்திய எறும்புத்தின்னியான அழுங்கும் தேவாங்கும் இருக்கின்றன என்று அறிவிப்பிலேயே இருக்கிறது. மெஸ்ஸல் குழியிலும் அழுங்கின் வம்சத்தில் மிகப் பழைய ஒன்று கிடைத்திருக்கிறது. இயோமானிஸ் என்று பெயர், செதிலோடு. டார்வினியஸ் என்ற சிறு மரவாசியும் அங்கே கிடைத்ததுதான். 1983ல் தனியார் ஒருவர் தோண்டியெடுத்தார், பலகையின் இரண்டு பாதியும் இரண்டு கைக்குப் போய்விட்டன, 2009ல்தான் ஆய்வுக் கட்டுரை வந்தது. மனிதனின் நேர் மூதாதை என்று முதலில் பெரிதாகப் பேசினார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அதைத் தேவாங்கும் லெமூரும் உள்ள கிளையோடு சேர்க்கிறார்கள். அழுங்கும் தேவாங்குக் கிளையும் அங்கே கல்லில், இங்கே நாற்பது கிலோமீட்டருக்குள் உயிரோடு. இதைச் சொன்னபோது எனக்கே குரல் கொஞ்சம் கம்மியது. "அப்ப ராத்திரி போனா பாக்கலாமா டீச்சர்?" என்றான் அவன். தொந்தரவு செய்யக் கூடாது என்றேன். பகலில் மலையடிவாரம் வரை கூட்டிப்போக வனத்துறைக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்.

முடிந்த பலகையைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால் தேய்த்து, ஓரத்தை அரம் போட்டு, ஜன்னலில் நிறுத்தியிருக்கிறோம். மத்தியான வெயில் பின்னாலிருந்து விழும்போது முள் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிகிறது. பலகையைப் பிளந்தபோது பிரிந்த மேல்பாதியையும் நான் எறியவில்லை. அதில் மீனின் அச்சும் ஒட்டிக்கொண்ட செதிலும் ஓர் அரசிலைத் துண்டும் இருக்கின்றன. மெஸ்ஸலில் இலைகளையும் பூச்சிகளையும் கிளிசரினில் போட்டு வைக்கிறார்கள், வண்டின் நீலமும் பச்சையும் அப்படியே மின்னுகிறதாம். மருந்துக்கடையில் கிளிசரின் ஒரு பாட்டில் வாங்கி அந்த அரசிலைத் துண்டை மட்டும் அதில் போட்டேன். இரண்டு வாரமாக நிறம் மாறவில்லை.

அந்த மேல்பாதி இன்னும் ஈரத்துணிக்குள்தான். அடுத்த ரெசின் வாங்கும் வரை அதைக் காயவிட முடியாது. கரும்பலகையின் ஓரத்தில் தண்ணீர் தெளிக்கும் முறைப் பட்டியல் எழுதியிருக்கிறது. சனி, ஞாயிறு முறை பள்ளிக்கு எதிர்வீட்டில் இருக்கும் அந்த அழுத பெண்ணுக்கு. சாவி அவளிடம்தான் இருக்கிறது.